மசாஜ் எவ்வளவு என்று கேட்டார்கள்

எங்கள் கைவேலைக் கூடம் திறந்த முதல் வாரத்தில் மாடியேறி வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மசாஜ் எவ்வளவு?"

நான் பதினெட்டு வருடமாக டிசைன் வேலை பார்க்கிறவள். பிஸ்கட் டப்பா, ஷாம்பு பாட்டில், இன்சூரன்ஸ் நாள்காட்டி என்று ஊரான் பொருளுக்கெல்லாம் பேரும் நிறமும் வைத்துக் கொடுத்தவள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் என் கதை.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது அப்பா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா பேச்சையே விட்டிருந்தார். கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த பிறகு, பக்கத்து வீட்டு அக்கா தான் வேலை செய்யும் பூக்கடையிலிருந்து மிஞ்சிய பூவை ஒரு பையில் கொண்டுவந்து, எங்கள் பிளாட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டுவார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அம்மாவும் போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, காம்புகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று, நூல் ஒரு சுற்று, விரலில் ஒரு வளையம், இழுத்தால் முடிச்சு. இருவரும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு நாள் அம்மா, "நூலை ரொம்ப இறுக்காதே, காம்பு அறுந்துடும்" என்று அந்த அக்காவுக்கே பாடம் எடுத்தார். சரி, அம்மா திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்துக்கு விதை அதுதான். பெண்கள் நான்கு பேர் சேர்ந்தோம். 2022ல் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் மாடியை வாடகைக்கு எடுத்தோம். பூக்கட்டு, களிமண், கோலம், கைத்தையல். வாரத்தில் நான்கு நாள். கைவேலை செய்தபடி மனசை ஆற்றிக்கொள்ள ஓர் இடம்.

அதை ஊருக்குச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. நான் செய்ததைக் கேளுங்கள். வெளிர்ப் பச்சை, பழுப்பு வெள்ளை, ஒரு தாமரை இலை, மெல்லிய எழுத்தில் 'வெல்னஸ்'. இணையத்தில் இப்படி ஆயிரம் படங்கள் பார்த்துப் பழகிய கண் எனக்கு. நாங்கள் இருக்கும் இடம் எது என்பதை அந்தக் கண் பார்க்கவே இல்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951லிருந்து இயங்குகிறது, அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில்தான். பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் இந்தத் தெருக்களில் பல காலமாக உண்டு. அந்தத் தெருவில், அந்த நிறத்தில், மாடிக்கு ஏறும் படியின் மேல் 'வெல்னஸ்' என்று எழுதினால் போகிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? லைசென்ஸ் விஷயமாக விசாரிக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவரும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஸ்பாவா என்றுதான் கேட்டார். அவர்மேல் தப்பில்லை.

அப்புறம் தமிழில் வைப்போம் என்று 'மனநலக் கைவினைக் கூடம்' என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். மசாஜ் கேட்பது நின்றது, ஆனால் ஆள் வருவதும் நின்றது. பூக்கட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு அக்கா படியிலேயே என்னை நிறுத்திச் சொன்னார்: "தங்கச்சி, இந்த எழுத்துக்குக் கீழ நான் நுழையறத எங்க வீட்டுக்காரர் பக்கத்து ஆளுங்க யாராவது பார்த்தா, எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ணிடுவாங்க." அன்று சாயங்காலமே தாளைக் கிழித்தேன்.

யாருக்காக இடம் நடத்துகிறோமோ அவர்கள் அந்த வாசலில் நிற்பதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால், வெட்கப்படாமல் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். 'மனசு சரியில்லை, வந்தேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'அகல்விளக்கு செய்யக் கத்துக்கறேன்' என்று சொல்லலாம். பெயரும் பலகையும் அந்தக் காரணத்தைத்தான் கொடுக்க வேண்டும். இது பிடிபட எனக்கு ஏழு மாதமும் இரண்டு போர்டு செலவும் ஆனது.

இப்போது இருக்கும் பெயர் ஒரு சின்னச் சொல். எல்லோர் வீட்டுச் சமையலறையிலும் புழங்கும் ஒரு பொருளின் பெயர். இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன். தேர்ந்தெடுத்த விதம் மட்டும் சொல்கிறேன். பத்துப் பெயர்களைத் தாளில் எழுதி, பூக்கடை அக்காவிடம் கொடுத்து, "இதுல எதைப் போன்ல ஒரே தடவையில உங்க அக்காவுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியும்?" என்று கேட்டேன். 'ஆரோக்கியச் சோலை', 'அமைதித் திண்ணை' எல்லாம் அங்கேயே விழுந்தன. என் முதல் விருப்பமும் விழுந்தது. அதைச் சீனத் தோழி ஒருத்தி உச்சரித்தபோது மலாயில் வேறு பொருள் வந்து தொலைத்தது. கோலாலம்பூரில் பெயர் வைப்பவர்கள் மூன்று நான்கு வாயில் அதைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நிறத்துக்கு விடை காலடியிலேயே இருந்தது. 1881ல் ஒரு தீயும் ஒரு வெள்ளமும் கோலாலம்பூரைத் துடைத்துப் போட்டன. பலகையும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக இருந்த பட்டணத்தைச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார் பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம். அந்தச் செங்கல்லுக்குச் சூளை போட்ட இடம் என்பதால்தான் இதற்கு பிரிக்பீல்ட்ஸ் என்று பெயரே. களிமண் பிசையும் கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா? நான் வெளிர்ப் பச்சையைத் தேடி எங்கெங்கோ போயிருந்தேன். இப்போது பலகை செங்கல் சிவப்பு, எழுத்து அரிசிமாவு வெள்ளை. 2010ல் லிட்டில் இந்தியா என்று ஆன பிறகு இந்தத் தெருவில் ஊதாவும் ஆரஞ்சும் போடும் சத்தத்துக்கு நடுவே அந்த மண் நிறம் தனியாகத் தெரிகிறது.

பலகையில் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே கடைப் பலகையில் மலாய் இருந்தே ஆக வேண்டும், அதுவும் மற்ற மொழிகளைவிடப் பளிச்சென்று. அந்த மலாய் வாசகம் சரிதானா என்று டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்ற மலாய் மொழி நிறுவனத்திடம் உறுதி செய்துகொண்டு, அப்புறம் மாநகர் மன்ற அனுமதிக்குப் போக வேண்டும். இந்த வரிசை தெரியாமல் முதலில் பலகையை அடித்துவிட்டுப் பிறகு அனுமதிக்கு அலைகிறவர்கள் நிறைய. நானும் ஒருத்தி.

இரண்டாவது போர்டு வந்து இறங்கிய அன்று இன்னொரு கூத்து. தமிழில் 'கைவேலை' என்று இருக்க வேண்டிய இடத்தில், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்புகளெல்லாம் பின்னால் போய் நின்றன. போர்டு அடித்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த நான் திரையில் சரியாக இருந்ததைப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தேன். நடந்தது இதுதான். கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கை' என்பது முதலில் க, பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. அதை இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. இல்லஸ்ட்ரேட்டர் போன்ற டிசைன் மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது நடக்காது. என் கணினியில் தேர்ந்தெடுத்திருந்தேன், அவர் கணினியில் இல்லை. வழி எளிது: எழுத்துகளை அவுட்லைன் ஆக்கி, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அச்சுக்கு முன் அவர் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் அதைப் பார்க்கட்டும். நாமே செய்ததில் நம் கண்ணுக்குப் பிழை தெரியாது.

எழுத்துருவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம், கடைப் பலகைக்கும் பயன்படுத்தலாம். ஆப்பிள் கணினியில் தமிழுக்கு வந்த இணைமதி எழுத்துருவைச் செய்தவர் நம் முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை 1985ல் தொடங்கிய அதே மனிதர். அவருடைய நாட்டில், இந்தக் கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு தமிழ்ப் பலகையில் கொம்பைத் தப்பாக வைத்தால் அது சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லோகோவுக்குச் சிக்குக் கோலம் என்று முடிவாகியிருந்தது. மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி, கணினியில் அளவெடுத்து வரைந்தது. துணிப்பையில் அச்சடித்து அடுக்கியும் ஆயிற்று. களிமண்ணுக்கு வரும் பாட்டி ஒருவர், பகாங்கில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்து முப்பது வருடம் ரப்பர்ப் பால்மரம் சீவியவர், பையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். போன விரல் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது. கோலத்தில் பாதிக்கு மேல் தொடவே இல்லை.

"இது மூணு கோடும்மா. ஒண்ணோட ஒண்ணு சேரல."

"அதனால என்ன பாட்டி, அழகாத்தானே இருக்கு?"

"அழகு இருக்கட்டும். மூணுக்கு மூணு வெச்சா மூணாத்தான் போகும். நாலுக்கு மூணு வெச்சுப் பாரு, கையெடுக்காம போட்டுடலாம்."

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். நாலுக்கு மூன்று ஒரே கோடு. ஐந்துக்கு ஐந்து ஐந்து கோடு. ஆறுக்கு நாலு இரண்டு கோடு. இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை கோடுகள். புள்ளிகளை வரிசையாக நேருக்கு நேர் வைத்து, கோடு குறுக்காக ஓடி ஓரத்தில் திரும்புகிற கோலத்துக்கு இது கணக்காகவே வரும். பாட்டி ஆறாம் வகுப்பு தாண்டாதவர். அவருக்கு வகுத்தல் தேவைப்படவில்லை, கைக்குத் தெரிந்திருக்கிறது.

நாலுக்கு மூன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாட்ஸ்அப்பின் சின்ன வட்டத்துக்குள் போட்டால் கோடெல்லாம் ஒட்டிக்கொண்டு கருப்புப் பொட்டு ஆகிவிட்டது. அதனால் மூன்றுக்கு இரண்டுக்கு இறங்கினோம். ஆறே புள்ளி, ஒரே கோடு. நகத்தளவிலும் தெரிகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதையே முதல் பாடமாகக் கொடுக்கிறோம்: கையெடுக்காமல் எங்கள் லோகோவைப் போடுங்கள். பழைய பைகள் இன்னும் ஒரு மூட்டை இருக்கின்றன, களிமண் சுமக்க.

படத்துக்கு வருவோம். இன்ஸ்டாகிராமில் முகங்களைப் போடுவதில்லை, கைகள் மட்டும் என்று முதல் நாளே முடிவு செய்தோம். அதுவே எங்கள் அடையாளமாகவும் ஆகிவிட்டது. ஆனாலும் ஒருத்தி போன் செய்தாள்: "அக்கா, என் வளையலைப் பார்த்தே நாத்தனார் கண்டுபிடிச்சிட்டா." அந்தப் படத்தை உடனே எடுத்தேன். இப்போது படம் எடுக்கும் முன் கேட்கிறோம், எடுத்த பிறகு அவர்களிடமே காட்டி மறுபடி கேட்கிறோம். இரண்டாவது தடவையில்தான் உண்மையான பதில் வருகிறது.

இடத்தில் செய்த தப்புகளுக்குச் செலவு அதிகம். மாடிக்கு இருபத்திரண்டு படி. வரவேண்டிய பெண்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. நாங்கள் வாடகையைத்தான் பார்த்தோம், முட்டியைப் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து அதே வரிசையில் ஒரு தையற்கடையின் பின்பாதியைப் பகிர்ந்துகொண்டு கீழே வந்தோம். இடம் பாதிதான், வந்தவர்கள் இரண்டு மடங்கு.

நடுவில் ஒரு பெரிய வட்ட மேசை போட்டிருந்தேன். எல்லோரும் முகம் பார்த்துப் பேசலாம் என்பது என் கற்பனை. பேச விரும்பாதவர்களுக்கு அது தண்டனை. ஒரு நாள் இடம் போதாமல் சுவரோரமாக ஒரு நீளப் பலகையைப் போட்டு இரண்டு பேரை உட்கார வைத்தேன், சுவரைப் பார்த்தபடி. அடுத்த வாரத்திலிருந்து அந்த இடத்துக்குத்தான் போட்டி. தோளோடு தோள் உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டு, நினைத்தால் பேசலாம், நினைக்காவிட்டால் வேண்டாம். அம்மாவும் அந்த அக்காவும் பிளாட் வாசலில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. வட்ட மேசையை விற்றுவிட்டோம்.

முக்காலிகளை இடம் மாற்றுவதில்லை. பார்வையற்ற அண்ணன் ஒருவர் செவ்வாய்தோறும் களிமண்ணுக்கு வருகிறார். மசாஜ் கேட்டு வந்த ஆறு பேரில் ஒருவர் விசாரித்துவிட்டுப் போய் அவரிடம் சொல்லியிருக்கிறார். வாசலிலிருந்து ஏழு காலடி, இடப்பக்கம் மூன்றாவது முக்காலி என்று மனசில் வைத்திருப்பவருக்கு, யாரோ அழகுக்காக நாற்காலியைத் தள்ளி வைத்தால் அன்றைய நாள் கெட்டுவிடும். விளக்கும் அப்படித்தான். மங்கலான மஞ்சள் வெளிச்சம் படத்துக்கு நன்றாக இருக்கும், அறுபது வயதுக் கண்ணுக்கு ஊசியில் நூல் நுழையாது. மேசைக்கு மேலே மட்டும் பளிச்சென்று வெள்ளை விளக்கு போட்டோம்.

களிமண்ணை ஒருபோதும் தொட்டியில் கழுவாதீர்கள். நான்கு மாதத்தில் குழாய் கல்லாகிவிட்டது, பிளம்பருக்கு 480 வெள்ளி (ரிங்கிட்). இப்போது மூன்று வாளி. முதல் வாளியில் கையையும் கருவியையும் அலசு, இரண்டாவதில் மறுபடி, மூன்றாவதில் கடைசியாக. இரவு முழுக்க விட்டால் மண் அடியில் படிந்துவிடும். மேல்தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடிமண்ணைத் துணியில் காயவைத்துத் திரும்பப் பிசையலாம்.

முதல் தீபாவளிக்குச் செய்த அகல்களைச் சூளை வைத்திருக்கும் ஒருவரிடம் சுடக் கொடுத்தோம். நாற்பதில் பதினேழு வெடித்து வந்தன. மழைக்காற்றில் வெளியே காய்ந்தது போலத் தெரிந்த மண் உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளந்துவிடும். ஏர்கானில் வேகமாகக் காயவைத்தாலோ ஒரு பக்கம் சுருங்கி விரிசல் விழும். தளர்வாகப் பிளாஸ்டிக் மூடி, தினமும் திருப்பி வைத்து, இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இதைப் பாட்டிதான் சொன்னார். வெடித்த துண்டுகளை என்ன செய்வது என்று நாங்கள் முகம் வாடி நின்றபோது, அவற்றைப் பூந்தொட்டிக்கு அடியில் போடச் சொன்னவரும் அவர்தான்.

கட்டணம் முதலில் இலவசம் என்று வைத்தோம். இலவசம் என்றால் தர்மம் என்று நினைத்து, தர்மம் வாங்கும் நிலையில் இல்லை என்று காட்டவே சிலர் வரவில்லை. இப்போது ஒரு வகுப்புக்குப் பத்து வெள்ளி, கதவருகே பிஸ்கட் டின்னில் போட வேண்டும். டின் இருக்கும் இடம் நாங்கள் உட்காரும் இடத்திலிருந்து தெரியாது. போட்டார்களா, இல்லையா என்று எங்களுக்குத் தெரிய வேண்டாம். கணக்குப் பார்த்தால் வாடகையில் பெரும்பகுதி வருகிறது. மிச்சத்துக்கு நான் இன்னும் ஷாம்பு பாட்டில் வரைகிறேன்.

இதெல்லாம் நிஜமாகவே மனசுக்கு நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆராய்ச்சி இருக்கிறது. 2019ல் உலகச் சுகாதார நிறுவனம் கலையையும் நலத்தையும் பற்றி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2016ல் அமெரிக்காவில் 39 பேரை 45 நிமிடம் படம் வரையவும் களிமண் பிசையவும் விட்டு உமிழ்நீரைச் சோதித்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் குறைந்திருந்தது. இதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தேன். பாட்டி பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப மிச்சக் கால்வாசிப் பேரு?" என்றார். நியாயமான கேள்வி. எடுத்துவிட்டேன்.

'சிகிச்சை' என்ற சொல்லை எங்கள் பலகையிலோ பதிவிலோ பார்க்க முடியாது. ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். தொழில்வழிச் சிகிச்சையாளர்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம். நாங்கள் பூக்கட்டுகிறவர்கள். களிமண் பிசைந்துகொண்டே ஒருத்தி, சாகலாம் போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்ன நாள் ஒன்று உண்டு. அன்று எனக்குக் கைகால் ஓடவில்லை. அவளுடைய அக்காவைக் கூப்பிட்டு, அவர்களோடு மருத்துவமனை அவசரப் பிரிவு வரை போனேன். அதற்குப் பிறகு நான்கு பேரும் உட்கார்ந்து, இப்படி ஒருவர் சொன்னால் யார் கூட இருப்பது, யார் போன் செய்வது, எங்கே கூட்டிப் போவது என்று ஒரு தாளில் எழுதிவைத்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சுகாதார அமைச்சு நடத்தும் ஹீல் மனநல உதவி எண் 15555. அதைச் சுவரில் ஒட்டியிருந்தபோது யாரும் அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி நடந்தார்கள். இப்போது கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம், அடியில் எண்ணைப் பத்துத் துண்டாகக் கத்தரித்து, ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. லோகோ கிடையாது, செங்கல் சிவப்பு கிடையாது, சாதாரண வெள்ளைத் தாள். போன மாதம் பார்த்தபோது இரண்டு துண்டு மிச்சம் இருந்தது. புதுத் தாள் கத்தரித்து மாற்றும் வேலையைத் தையற்கடைப் பையன் எடுத்துக்கொண்டான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கோணலாகத்தான் கத்தரிக்கிறான்.